கல்யாண வீட்டுக்குப் போன வண்டி

கோச்சடை, மதுரை
10-1-82

என் மகன் சிவனாண்டிக்கு,

அம்மா பாண்டியம்மாள் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். பட்டாளத்துக் குளிரில் நீயும் மருமகள் இருளாயியும் மேலுக்கு நோவு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பேச்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ என்று நினைத்திருப்பாய். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் தங்கச்சி செல்லத்தாய் கை. நான் சொல்லுவேன், அவள் எழுதுவாள். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிட்டுச் சிரிப்பாள். இனிமேல் என் கைதான். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துப் படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. மலையம்மாளைப் படிக்கச் சொன்னேன். உன் தங்கச்சியோடு தைக்கிற பெண், அவளுக்கும் இரண்டு காலும் வராது. பாதி படித்தவள் நிறுத்திவிட்டாள். என்ன புள்ள, மிச்சத்தையும் படி என்றேன். அம்புட்டுத்தான் அத்தை என்றாள். அவள் போன பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். வீட்டிலேயே வைத்திருந்தால் தங்கச்சி இருந்திருப்பாள், வண்டியில் ஏற்றி ஊரெல்லாம் கொண்டுபோய்க் காய்ச்சலை வாங்கிக் கொடுத்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இதற்கு இன்றைக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கோபம் இல்லை ஐயா. கட்டிப்பிடித்து அழப் பங்காளி ஒருத்தன்கூட இல்லாத ஊரில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறாய். பிறகு எழுதுகிறேன்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவள் எழுதியிருப்பாள், ஆனால் தன்னைப் பற்றி எழுதியிருக்க மாட்டாள்.

போன வருஷத்தை ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகம் முழுக்கக் கொண்டாடினார்களாம். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து வேன் ஒன்று வாங்கினார்கள். பக்கத்தில் நீல எழுத்தில் 'உடல் ஊனமுற்றோர் ஊர்தி' என்று எழுதியிருக்கும். காலையில் கோச்சடையில் புறப்பட்டு, காளவாசல், பழங்காநத்தம் வழியாகப் போய், பசுமலைத் தையல் கூடத்தில் பிள்ளைகளை விடும். அங்கிருந்து ஆபீசுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தல்லாகுளம் போகும். சாயந்திரம் அதே வழியில் திரும்பும். டவுன் பஸ் டிக்கெட் என்னவோ அதுதான் காசு.

அதற்கு முன்னால் பட்ட பாடு உனக்குத் தெரியும். வயசுக்கு வந்த பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். பார்த்ததும் டிரைவர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவார். நான் ஓடிப்போய்ப் படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ஆட்டோவில் போனால் அவள் தைத்துச் சம்பாதிப்பது ஆட்டோக்காரருக்கே சரியாகப் போகும். அதனால்தான் அத்தனை வருஷம் வீட்டு மூலையில் கிடந்தாள்.

வண்டி வந்த முதல் நாள் படம் பிடிக்க ஆள் வந்திருந்தார்கள். சங்கத்து இளவட்டம் ஒருவர் ஓடிவந்து, செல்லத்தாயை அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கினார். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவள் அவரைப் பார்க்கிறாள். சார், நான் என்ன அரிசி மூடையா, தூக்கவான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்குங்க என்றாள். அவருக்கு முகம் செத்துப்போனது. மறுநாள் அவர் வரவில்லை. தூக்க ஆளில்லையே என்று நான் வண்டியோடு போக ஆரம்பித்தேன். நானும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பெற்ற மகளானாலும் அப்படித்தான். சில நாள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் என்னை நிற்க வைப்பாள். டிரைவர் காளை ஹாரனை அடித்துக்கொண்டே, ஆத்தா தாயே சரின்னு சொல்லு, எனக்கு டயமாச்சு என்று கெஞ்சுவான். கடைசியில் அதுவே வண்டிச் சட்டம் ஆகிவிட்டது. கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது. ஏற்றுவதானாலும் சரி, இறக்குவதானாலும் சரி.

தங்கச்சியின் துட்டி அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி வந்து நிற்கிறது. மலையம்மாள், தையல் கூடத்திலேயே சாக்பீஸ் செய்கிற முத்திருளன், ரயிலில் ஒரு காலைக் கொடுத்த ராஜாராமன் சார், இன்னும் கூட வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். இறக்குகிற ஆள் நான்தானே. எழுந்து போனேன். உன் பெரியத்தை சேலையைப் பிடித்து இழுத்தாள். மக செத்துக் கெடக்கா, இவ எங்கடி எந்திரிச்சுப் போறா என்று கத்தினாள். உதறிவிட்டுப் போய் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு இறக்கிவைத்தேன். முத்திருளன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தை, நான் இதுக்கு முந்தி ஒரு துட்டி வீட்டுக்கும் போனதில்ல, என்னைய யாரு தூக்கிட்டுப் போவா, என்ன சொல்லணும்னு தெரியல என்றான். ஒண்ணும் சொல்ல வேணாம்யா, அழு என்றேன். அவன் அழுததைப் பார்த்து ஆம்பளைகள் எல்லாம் அழுதார்கள்.

கடைசியில் அவளைத் தூக்கும்போது ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் குனிந்து காதில் கேட்டேன்.

இப்போது அந்த வண்டிக்குத்தான் வினை வந்திருக்கிறது. சங்கத்து செக்ரட்டரி தையல் கூடத்துக்கு வந்தார். ஊனமுற்றோர் ஆண்டு போன மாசத்தோட முடிஞ்சிருச்சும்மா, இனிமே சங்கத்தால டீசல் போட முடியாது, தையிலருந்து வண்டிய முகூர்த்தத்துக்கு வாடகைக்கு விடப்போறோம், மிச்ச நாள்ல உங்களுக்கு வேணும்னா ஆட்டோ ரேட்டுக் குடுத்துட்டுப் போங்க என்றார். முத்திருளன்தான் கேட்டான். வருஷம் முடிஞ்சிருச்சுங்களா, அப்ப எங்க காலு என்னைக்கு சார் சரியாகும், தேதி எதுவும் போட்டிருக்காங்களா என்று. நாங்கள் சிரித்துவிட்டோம். செக்ரட்டரி சிரிக்கவில்லை.

வண்டி நின்றால் மலையம்மாளை அவள் அண்ணன்மார் மறுபடி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். மற்றவர்களுக்கும் அந்தக் கதிதான். என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் கிடையாது. நீங்களும் அங்கே பொங்கல் வைக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல். கம்பளியை மடித்து வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா பாண்டியம்மாள்


கோச்சடை
9-2-82

மகன் சிவனாண்டிக்கு அம்மா எழுதுவது.

இங்கு நான் நல்லபடி இருக்கிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும், அல்லது என்மேல் கோபமாக இருக்கும். எதுவானாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெரியத்தை உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். துக்க வீட்டுக்காரி நான் ஒரு கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நடந்ததைப் படித்துவிட்டு நீயே சொல்.

போன வாரம் ஒரு காலையில் காளவாசல் தாண்டியதும் காளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். அத்தை, உங்களைப் பசுமலையில விட்டுட்டு நேரா கே.கே. நகர் கல்யாண வீட்டுக்கு வரச் சொல்லிருக்காக, சாயந்தரம் உங்களைக் கூப்பிட வர மாட்டேன், இனிமே தெனமும் முகூர்த்தந்தான் என்றான். சாயந்திரம் எப்படித் திரும்புவார்கள் என்று கேட்டேன். அது எனக்குச் சொல்லல என்றான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகுட்டிக்காரன்.

பசுமலை வந்தது. வழக்கம்போலக் கதவைத் திறந்து, முதலில் மலையம்மாளைப் பார்த்து, இறக்கவா புள்ள என்றேன். அவள் அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஜாக்கெட்டுக்கு அளவு கேட்கும்போதுகூடத் தரையைப் பார்த்துத்தான் கேட்பாள். அவள் என் முகத்தைப் பார்த்து, வேணாம் அத்தை என்றாள். மேலுக்கு முடியவில்லையோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. எறங்குனா இனி ஏற முடியாது, நான் எறங்கல என்றாள்.

முத்திருளன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, அத்தை, என்னையும் கேளுங்க என்றான். கேட்டேன். எனக்கும் வேணாம் என்றான். அடுத்த பிள்ளையைக் கேட்டேன், வேணாம். அதற்கடுத்த பிள்ளையும் வேணாம். தல்லாகுளம் போக வாசலில் காத்திருந்த ராஜாராமன் சார் கட்டையை ஊன்றிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு இன்னிக்கு லீவு, என்னை ஏத்துங்கோம்மா என்றார். ஏற்றினேன்.

அடேய், என் பொழப்புல மண்ணைப் போடாதீங்கப்பா என்று காளை தலையில் அடித்துக்கொண்டான். அப்ப நீயே எங்களைத் தூக்கி எறக்கிட்டுப் போ மாப்ள, ஆனா கேட்டுட்டுத் தூக்கணும் என்றான் முத்திருளன். காளை ஸ்டீயரிங்கைப் பிடித்தான். எனக்கு வண்டி ஓட்டத்தான் சம்பளம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். எல்லாரையும் வைத்துக்கொண்டே கே.கே. நகருக்கு விட்டான்.

வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. முப்பதாம் நாள் காரியம் முடிந்தாலும் என் மனதுக்கு இன்னும் முடியவில்லை. புருஷனையும் தூக்கிக் கொடுத்து, மகளையும் கொடுத்தவள் வாழைமரம் கட்டின வாசலில் போய் நிற்கலாமா? திரும்பிப் போகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மலையம்மாளைப் பார்த்தேன். வாழ்நாளிலேயே அவள் மாட்டேன் என்று சொன்ன முதல் நாள் அது. என் வாயால் அதை எப்படிக் கெடுப்பது?

போய் நின்றதும் பட்டுச்சேலைக் கூட்டம் ஏறுவதற்காக வண்டிப் பக்கம் வந்தது. பெண் வீட்டாரை மண்டபத்துக்கு அழைத்துப் போகத்தான் வண்டி. கதவுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த செக்ரட்டரி ஓடிவந்தார். யோவ் காளை, என்னய்யா இது, எறங்கச் சொல்லு எல்லாரையும் என்று கத்தினார். எறக்குறது அத்தை சார் என்றான் காளை. எறக்கும்மா என்றார் என்னிடம். சரிங்க என்று திரும்பி, ஒவ்வொருவராக அவர் முன்னாலேயே கேட்டேன். மலையம்மா, இறக்கவா? வேணாம் அத்தை. முத்திருளா, இறக்கவாய்யா? வேணாம் அத்தை. சார், உங்களை? வேண்டாம்மா, கல்யாணத்துக்கு எங்களையும் அழைச்சிருக்கான்னு நெனச்சுண்டேன் என்றார் ராஜாராமன் சார். கேட்டுட்டேங்க, வேணாங்கிறாங்க என்றேன் செக்ரட்டரியிடம். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை சிவனாண்டி. என் வேலையைத்தான் செய்தேன்.

அவருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவரை விட்டு மலையம்மாளைத் தூக்கச் சொன்னார். அந்த ஆள் கையை நீட்டியதும் அவள் பின்னால் சாய்ந்துகொண்டு, தொடாதீங்க, நீங்க கேக்கல என்றாள். அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னம்மா கேக்கணும் என்றார். இறக்கவான்னு கேக்கணும். சரி, இறக்கவா? வேணாம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

அப்போதுதான் பெண்ணின் அம்மா நாகலக்ஷ்மி அம்மா வெளியே வந்தார்கள். யாரும்மா நீங்கள்ளாம் என்று மலையம்மாளைப் பார்த்துக் கேட்டார்கள். வேலைக்குப் போறவங்கம்மா, இது எங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி, இன்னைக்கு எறங்கிட்டா நாங்க வீட்டுக்குப் போக வண்டியில்ல, நாளைக்கு வேலைக்கு வரவும் வண்டியில்ல என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்த அம்மா வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு செக்ரட்டரியைப் பார்த்து, வேலைக்குப் போறவாளை எறக்கிவிட்டுட்டா எங்களை ஏத்தறேள், எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கு இந்தப் பாவம் எனக்கு வேண்டாம், டாக்சிக்குச் சொல்லுங்கோ என்றார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் வெறும் நெற்றியையும் எண்ணெய் காணாத தலையையும் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தார்கள். இரக்கத்தில் சொன்னார்களா, துக்கக்காரி நின்ற வண்டியில் கல்யாணப் பெண்ணை ஏற்றக் கூடாது என்று சொன்னார்களா, எனக்குத் தெரியாது. எதற்காகச் சொல்லியிருந்தாலும் சரி. இதுவரைக்கும் நான் ஒதுங்கி நின்றது போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

புறப்படும்போது ஒரு டப்பா லட்டுக் கொடுத்தனுப்பினார்கள். மொய் வைக்காமச் சாப்பிடலாமா சார் என்று முத்திருளன் ராஜாராமன் சாரைக் கேட்டான். பசுமலை வரை ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். உன் தங்கச்சி போன பிறகு அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் நாள் அந்தச் சங்கத்து இளவட்டத்திடம் நான் பெற்ற மகள் கேட்ட ஒரு கேள்வி, அவள் இல்லாத நேரத்திலும் இத்தனை பேரைக் காப்பாற்றி உட்கார வைத்தது. இதை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது? அவளுக்கு அண்ணன் நீ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

முடிவு என்னாகும் என்று தெரியவில்லை. செக்ரட்டரி காளையிடமிருந்து வண்டியை வாங்கி ஷெட்டில் பூட்டிவிட்டார். நான்கு நாளாக வண்டி வரவில்லை. மலையம்மாளை நான் இடுப்பில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். அவள் செல்லத்தாயைவிடக் கனம். முத்திருளன் கையை ஊன்றி ஊன்றி பஸ் நிற்கிற இடத்துக்கு வருகிறான். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. ஆனால் ஒரு பிள்ளைகூட வேலைக்கு வராமல் இல்லை.

உன் பெரியத்தை எழுதினால் நீ சமாதானமாக ஒரு வார்த்தை எழுது. மருமகளுக்கு என் ஆசீர்வாதம்.

அம்மா பாண்டியம்மாள்


கோச்சடை
21-3-82

என் ராசா சிவனாண்டிக்கும் மருமகள் இருளாயிக்கும்,

அம்மாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இந்த முறை மலையம்மாளிடம் கொடுக்கவில்லை, நானே படித்தேன். இருளாயி முழுகாமல் இருக்கிறாள் என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்து மறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பெரியத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பேச மாட்டேன் என்றிருந்தவள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது பேசுகிறோம்.

வண்டி வருகிறது ஐயா.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் ரிக்‌ஷாவில் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டோம். நாகலக்ஷ்மி அம்மாவின் வீட்டுக்காரரும் அந்தச் சங்கத்தில் பணம் போட்டவராம். வேலை நாளில் வண்டி இவர்களுக்குத்தான், டவுன் பஸ் காசுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் டீசல் போடுங்கள் என்று அவர் எழுந்து பேசினார். இதை முதலில் சொன்னது ராஜாராமன் சார்தான். எங்கள் வாயில் வந்தபோது காதில் ஏறாதது அவர் வாயில் வந்தபோது ஏறியது. போகட்டும், ஏறியதே.

எங்களில் ஒருவராவது சங்கக் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று முத்திருளன் கேட்டான். அதற்கும் சரி என்றார்கள். அவனையே உள்ளே வரச் சொன்னார்கள். நாற்காலி உயரம். தூக்கிவிடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் செக்ரட்டரி எழுந்து வந்துவிட்டார். அவன் முன்னால் குனிந்து, கொஞ்சம் தயங்கி, தூக்கவாப்பா என்றார். இந்தப் பயல் உடனே சரி என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? கொஞ்சம் இருங்க சார், யோசிச்சுச் சொல்றேன் என்றான். செக்ரட்டரியே சிரித்துவிட்டார். பிறகுதான் சரி என்றான்.

எழுதிக் கொடுத்தது இந்த வருஷத்துக்குத்தான். அடுத்த தையில் மறுபடி டீசல் இல்லை என்பார்கள், மறுபடி போய் உட்கார வேண்டியிருக்கும். உட்காருவோம். மலையம்மாள் இப்போது தரையைப் பார்த்துப் பேசுவதில்லை.

என்னை உன் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறாய். பிரசவத்துக்குக் கட்டாயம் வாரேன். பேறுகாலம் பார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். தினமும் காலையில் வண்டி என் வாசலில்தான் முதலில் நிற்கிறது. நான் ஏறினால்தான் மற்றவர்கள் ஏற முடியும். நான் அங்கிருந்து திரும்புகிற வரைக்கும் தூக்குவதற்குப் பெரியத்தையிடம் கேட்டிருக்கிறேன். சீ போ, எனக்கெதுக்கு என்றாள். ஆனால் நேற்று வண்டி வந்தபோது வாசலில் நின்று எப்படித் தூக்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கடிதத்தில் உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்தேன். இப்போது எழுதுகிறேன். டாக்டர் சொன்னது, காய்ச்சல் தண்ணீரில் வந்ததாம். நம் தெருவில் மூன்று வீட்டில் வந்தது. வாசல்படி தாண்டாத கணக்கப்பிள்ளை வீட்டு அம்மாவுக்கும் வந்தது, அந்த அம்மாவும் போய்விட்டார்கள். ஆனாலும் நீ எழுதியது என் மனதிலும் வராமல் இல்லை. நான் ஏற்றிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என்று, அடுப்பு ஊதும்போதெல்லாம் வரும். அப்போது அவள் மூலையில் கிடந்த வருஷங்களையும் சேர்த்து நினைத்துப் பார்ப்பேன். சுவரில் நகத்தால் கீறிக்கொண்டே இருப்பாள், ஞாபகம் இருக்கிறதா? வண்டி வந்த பிறகு அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. தைத்த காசில் உனக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினாள். கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கினாள். முதல் தடவையாக ஒரு கடைக்குள் போய் வாங்கினது அதுதான். அந்த ஒரு வருஷத்தை நான் யாருக்காகவும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். உனக்காகக்கூட மாட்டேன் ஐயா. நீ என்னைத் திட்டினாலும் சரி.

இருளாயியை வெயிலில் தண்ணீர் தூக்க விடாதே. பிறந்ததும் அந்தப் போலியோ சொட்டு மருந்தை எல்லாத் தவணையும் விடாமல் கொடுத்துவிடு. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களாம், கேட்டுப் பார். நம் காலத்தில் யாரும் சொல்லவில்லை. பிள்ளை நல்ல காலோடு பிறந்து, ஓடி விளையாடி, பிடிக்க முடியாமல் உன்னை மூச்சு வாங்க வைக்க வேண்டும் என்று பேச்சியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன்.

அப்படி இல்லாமல் போனாலும் போகட்டும். என்ன காலோடு பிறந்தாலும் அதைத் தெருவுக்குக் கொண்டுபோ ஐயா. தூக்கிக்கொண்டாவது போ. வீட்டுக்குள்ளே மட்டும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
செல்லத்தாயையும் உன்னையும் பெற்ற
பாண்டியம்மாள்